பாண் சாப்பிட்டுப் பிடிக்கும் விரதம்

இதை என் வயதுக்காரர்களுக்குத்தான் சொல்கிறேன். இளசுகளிடம் தொடங்கினால், போனைப் பார்த்தபடி தலையாட்டிவிட்டு, "ஏன் பிளேனிலை போகேல்லை?" என்ற ஒரே கேள்வியில் கதையை முடித்துவிடுவார்கள். உங்களுக்கு அந்த விளக்கம் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வான் நின்றிருக்கும். சோற்றுப்பானைக்கும் போர்வை மூட்டைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நீங்களும் எங்கேயோ போயிருப்பீர்கள். எதற்காகப் போகிறோம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் அது உண்மையாக இருந்திருக்காது.

எங்கள் வான் மண்ணிறம். பின்கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். அப்போது நாங்கள் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் ஒரு தொடர்மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். எங்களோடு சின்னம்மாவும் அவளுடைய மகனும். சின்னம்மா என்றால் அப்பாவின் தம்பியின் மனைவி; அப்பாவை அவள் அத்தான் என்பாள். அவளுடைய மகனை நான் அன்றைக்கும் இன்றைக்கும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன். அவனுக்கு அப்போது ஆறு வயது, முன்பல் விழுந்த வாய். எனக்குப் பன்னிரண்டு இருக்கும்.

ஊரிலிருந்து ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் சின்னம்மாவையும் தம்பியையும் யாருடையதோ பாஸ்போட்டில் விமானம் ஏற்றிவிட்டான். சித்தப்பாவுக்கு அப்படி ஒன்று பொருந்தவில்லை. அவர் நாடு நாடாகச் சுற்றி மெக்சிகோ வரைக்கும் வந்துவிட்டார். அங்கிருந்து பாலைவனத்தால் நடந்து அமெரிக்காவுக்குள் வந்து, பிறகு வடக்கே எங்களிடம் வருவதாக ஏற்பாடு. புறப்படுவதற்கு முதல்நாள் அப்பாவோடு போனில் கதைத்தார். அதோடு சரி, பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஒரு பனிக்காலம் முழுக்கச் சின்னம்மா போனுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள். காலையில் எழும்பியதும் முதல் வேலையாகப் பொட்டு வைப்பாள். பெரிய பொட்டு. யாரும் பார்த்துச் சந்தேகப்படக் கூடாது என்பதுபோல ஒவ்வொரு நாளும் அது பெருத்துக்கொண்டு வந்தது. கீழே தெப்பனர் கடையில் பால் வாங்கப் போகும்போதும் தாலிக்கொடியைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டுதான் போவாள்.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். உள்ளே வரவில்லை, தேத்தண்ணி வேண்டாம் என்றார். மாடிப்படியில் நின்று அப்பாவோடு மெல்லக் கதைத்தார். எட்டிப் பார்த்த எனக்கு அவருடைய உதடுதான் தெரிந்தது. வெடித்து ஆறி மறுபடி வெடித்த உதடு. அப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தி, சப்பாத்துக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "ஆர் அது அத்தான்?" என்று சின்னம்மா கேட்டாள். "வேலையிடத்து ஆள்" என்றார் அப்பா.

அந்தக் கிழமையே அறிவிப்பு வந்துவிட்டது. கோடை விடுமுறைக்கு அரிசோனா போகிறோம், உலகத்திலேயே பெரிய பள்ளத்தாக்கைப் பார்க்க. "அப்பிடியே ஆஸ்பத்திரி, மறியற்சாலை எல்லாம் விசாரிச்சுப் பாப்பம்" என்று சின்னம்மாவைப் பார்க்காமல் சொன்னார். சின்னம்மா அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

வானில் எங்கள் மூட்டைகளைத் தவிர இரண்டு பைகள் தனியாக இருந்தன. ஒன்று சின்னம்மாவுடையது. அதற்குள் மலிவு விற்பனையில் வாங்கிய இளநீல நிறச் சேட்டு, ஒரு சாரம், சித்தப்பாவின் அளவுக்குச் செருப்பு, சவரம் செய்யும் சாமான். "அந்த மனுசன் வெளியிலை வரேக்கை மாத்துறதுக்கு உடுப்பு வேணுமெல்லோ" என்று சேட்டை மடித்து மடித்து வைத்தாள். மற்றது அப்பாவுடையது. பிஸ்கட் தேடித் திறந்தபோது உள்ளே ஒரு சுருட்டுத் தர்ப்பையும் எள்ளுப் பொட்டலமும் இருந்தன. "எள்ளு எதுக்கம்மா?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க மாட்டியே?"

இப்போது யோசித்தால்தான் விளங்குகிறது. ஒரே வானில் ஒருத்தி ஆளைக் கூட்டிவரப் போனாள். ஒருத்தர் ஆளை அனுப்பிவைக்கப் போனார். இடையில் இருந்து நானும் தம்பியும் சன்னலால் மாடு எண்ணினோம்.

பயணத்தைச் சும்மா சொல்லக் கூடாது, நல்லாய்த்தான் இருந்தது. சோளக்காடு விடிய விடிய வந்துகொண்டே இருந்தது. வானுக்குள் புளிச்சாதமும் பெற்றோலும் சேர்ந்து மணத்தன. மோட்டல் அறையில் அம்மா இரகசியமாகச் சோறு காய்ச்சி வெங்காயம் வதக்க, வாசனை பிடித்துக்கொண்டு முதலாளி கதவைத் தட்டினார். சரி, துரத்தப்போகிறான் என்று நினைத்தோம். அவர் குஜராத்திக்காரர். வெங்காயத்தை மூக்கால் இழுத்துவிட்டு, இரண்டு பச்சைமிளகாய் தந்துவிட்டுப் போனார். அப்பாவுக்குத் தொழிற்சாலைப் பிரெஞ்சு மட்டும்தான் ஓடும். பெற்றோல் போடும் அமெரிக்கனுக்கும் "மெர்சி", கோப்பி ஊற்றும் கிழவிக்கும் "மெர்சி". சின்னம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்தப் பயணத்தில்தான்.

பள்ளத்தாக்கைப் பார்த்தோம். சிவப்பும் ஊதாவுமாக, அடி தெரியாமல் கிடந்தது. அப்பா எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். சின்னம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி கேட்டாள்: "இதுக்குள்ளாலையோ அத்தான் அவர் நடந்திருப்பார்?" அப்பா கமராவைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். "இல்லைப் பிள்ளை. அது இன்னும் தெற்கை."

தெற்கே போகப் போக மரம் குறைந்து, கள்ளி வந்தது. ஆள் உயரத்துக்கு மேலே, கை தூக்கி நிற்கிற கள்ளி. பொழுது சாயும் நேரத்தில் சின்னம்மா ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்தாள். "அங்கை ஒராள் நிக்குது, நிப்பாட்டுங்கோ." முதலில் அப்பா நிறுத்தினார். பிறகு வேகத்தை மட்டும் குறைத்தார். பிறகு அதுவும் இல்லை. காற்று, பாண் சுடும் வெதுப்பியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி அடித்தது. சின்னப் பட்டணங்களின் ஆஸ்பத்திரிகளில் சின்னம்மா சித்தப்பாவின் கலியாணப் படத்தை மேசையில் வைப்பாள். வேட்டி உடுத்து, மாலை போட்ட மனிதரைப் பார்த்து வெள்ளைக்காரப் பெண்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, இல்லை என்பார்கள். அவள் படத்தைத் துடைத்து எடுத்துக்கொள்வாள்.

அப்பா ஆடி அமாவாசைக்குக் கணக்குப் பார்த்துத்தான் பயணம் வைத்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அது அப்பன் இல்லாதவர்கள் பிடிக்கிற விரதம். காலையில் பச்சைத்தண்ணி பல்லில் படாமல் இருந்து, மத்தியானம் படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டு ஒருநேரம் சாப்பிடுவார்கள். அப்பாவின் அப்பா எப்போதோ போய்விட்டார், அதனால் அப்பா வருடா வருடம் பிடிப்பார். இந்த முறை காலையில் மோட்டலில் சின்னம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இண்டைக்குச் சின்னவனுக்கு ஒண்டும் சாப்பிடக் குடுக்காதை."

சின்னம்மா பாண் துண்டு ஒன்றை எடுத்து, செந்நிற ஜாமைக் கரை தெரியாமல் பூசினாள். தம்பியைக் கட்டிலில் இருத்தி, அப்பாவின் கண்ணுக்கு முன்னாலேயே தீத்தினாள்.

"என்ர பிள்ளை ஏன் விரதம் பிடிக்கோணும்?" என்றாள். "இவன்ர அப்பா உயிரோடை இருக்கிறார்."

தம்பி ஜாம் அப்பிய வாயோடு எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மென்றான். அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு அப்பா எங்களைக் கூட்டிப் போனது, அந்த உதடு வெடித்த மனிதர் சொன்ன தெருவுக்கு. எல்லைப் பக்கம் போகிற தெரு. நடுவில் ஒரு தரிப்பிடம். சிமெந்து மேசை, மேலே தகரக் கூரை, சுற்றிவர ஒன்றும் இல்லை. மேசைக்கு வரும் வழியில் வேலியோரம் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. அதில் பச்சையாக, வரி வரியாக உருண்டைக் காய்கள். அப்பா வானை நிறுத்தி இறங்கி ஓடினார்.

"இஞ்சை பாருங்கோ, காத்தோட்டி!"

ஆடி அமாவாசைச் சமையலில் காத்தோட்டிக்காய் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். கசக்கும். மொன்றியலில் அதற்கு எங்கே போவது? அந்தக் குறை அப்பாவுக்கு வருடா வருடம் இருந்தது. "காத்தோட்டி முள்ளு மரமெல்லோ?" என்றாள் அம்மா. "இதிலை முள்ளைக் காணேல்லை." அப்பா சந்தையில் குவியலாக வாங்கின ஆளே தவிர, ஆய்ந்த ஆள் இல்லை. "பாலைவனத்திலை அது இப்பிடித்தான் வளரும்" என்று மடி நிறையப் பிடுங்கினார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். தன் தம்பிக்குப் படைக்கக் கடவுளே காய் காட்டிவிட்டார் என்று நினைத்திருப்பார், பாவம்.

அம்மா சின்ன எரிவாயு அடுப்பில் சோறும் கறியும் வைத்து, அந்தக் காயையும் அரிந்து வதக்கினாள். மணம் சரியில்லை. அப்பா இரண்டு கடதாசித் தட்டில் படைத்தார். ஒன்று தாத்தாவுக்கு. மற்றத் தட்டைச் சின்னம்மா பார்த்தாள்.

"இது ஆருக்கு அத்தான்?"

அப்பா எள்ளுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, அவனோடை நடந்த ஆள் வீட்டை வந்தவன். இவன் நடக்கேலாமல் ஒரு பத்தைச் செடிக்குக் கீழை இருந்திட்டானாம். நீங்கள் போங்கோ, நான் பின்னாலை வாறன் எண்டானாம்."

"அப்ப வருவார்" என்றாள் சின்னம்மா. இன்னொரு தட்டை எடுத்துக் கவிழ்த்து அந்தச் சோற்றை மூடினாள். இரவு வேலைக்குப் போன புருசனுக்கு மூடி வைப்பதுபோல, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்லும் வைத்தாள். "வந்து சாப்பிடுவார்."

அப்பா தாத்தாவின் தட்டிலிருந்து ஒரு பிடியைக் காகத்துக்கு வைத்தார். அங்கே நம்மூர்க் காகம் இல்லை, அண்டங்காகம். கோழி பருமனில் இரண்டு வந்து சோற்றைக் கொத்தின. காயை மட்டும் ஒதுக்கிவிட்டன. அதைப் பார்த்தாவது யோசித்திருக்கலாம். அப்பா வெறும் வயிற்றோடு இருந்து, கோபத்தில் அந்தக் கறியை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். "கசக்குதோ?" என்று அம்மா கேட்டாள். "கசக்கத்தானே வேணும்" என்றார்.

சட்டியைக் கழுவி முடியவில்லை, அப்பா எழும்பி வேலிப்பக்கம் ஓடினார். அதற்குப் பிறகு நான் பார்த்ததை இன்றைக்கும் மறக்க மாட்டேன். எடுத்தது எடுத்தபடி சத்தி. குடல் வெளியே வருமோ என்று பயந்தேன். மணலில் முழங்காலில் நின்றவர் பிறகு குப்புற விழுந்தார். மூட்டை தூக்குகிற பெரிய உடம்பு. கொஞ்ச நேரத்தில் உதடு வெளுத்து வெடித்து, நாக்குத் தடித்து, சொல் குழறியது. வான் கூப்பிடு தூரத்தில் நின்றது. அதற்குள் பிளாஸ்டிக் கான் கானாகத் தண்ணீர். அவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் கிடந்து அந்த மனிதர் "தண்ணி, தண்ணி" என்று மணலைப் பிறாண்டினார்.

அம்மா அழுதுகொண்டு நின்றாள். கானைத் தூக்கிக்கொண்டு ஓடினது சின்னம்மாதான். அப்பாவின் தலையை மடியில் வைத்து, மூடியில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் பருக்கினாள். நான் குடை பிடித்தேன். அப்பா அவளை அடையாளம் தெரிந்தா கதைத்தார், இல்லையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நான்தான் சொன்னனான்" என்றார். "கனக்கத் தண்ணி சுமக்காதை, பாரத்திலை பிந்திப்போவாய் எண்டு. போனிலை நான்தான் அவனுக்குச் சொன்னனான்."

சின்னம்மாவின் கை அப்படியே நின்றது. மூடியிலிருந்த தண்ணீர் கொஞ்சம் சிந்தி, மணலில் பட்ட உடனே காய்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் வெடித்த உதட்டைப் பார்த்தாள், நெடுநேரம். மறுபடி மூடியை நிரப்பினாள்.

"குடியுங்கோ அத்தான்" என்றாள்.

அப்பா தெளிந்து தகரக் கூரையின் கீழ்ப் படுத்த பிறகு, தம்பி மேசையடியில் போய் நின்றான். அந்த அமளியில் அவனுக்கு ஒருவரும் சாப்பாடு கொடுக்கவில்லை. மூடியிருந்த தட்டைக் காட்டி, "அம்மா, பசிக்குது" என்றான்.

சின்னம்மா கல்லை எடுத்தாள். மேல்தட்டை எடுத்தாள். தம்பியின் கையில் தண்ணீர் ஊற்றி, "வாயைக் கொப்பளி" என்றாள். காலையில் தின்ற ஜாம் கடைவாயில் இன்னும் ஒட்டியிருந்தது. அதைத் தன் விரலால் தேய்த்துக் கழுவினாள். தட்டை அவனுடைய இரண்டு கையிலும் கொடுத்தாள்.

"காகத்துக்கு வை."

"எனக்கு?"

"இண்டைக்கு விரதம், அப்பன்."

அவன் வைத்தான். அண்டங்காகம் வந்தது. அப்பா எழும்பி இருந்து, தம்பியின் கையால் எள்ளும் தண்ணீரும் இறைப்பித்தார். நாங்கள் புறப்பட்டபோது சின்னம்மாவின் பை மேசையில் இருந்தது, பக்கத்தில் நிரம்பிய தண்ணீர்க் கான் ஒன்று. மறந்துபோய் விட்டாள் என்று நினைத்து நான் "சின்னம்மா, பை" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவளுடைய நெற்றி வெறுமையாக இருந்தது. கள்ளி எத்தனையோ வந்தது. ஒன்றுக்கும் அவள் நிமிரவில்லை.

பிறகு நான் எத்தனையோ ஊர் போய்விட்டேன். ஜோர்தானில் மணல் பார்த்தேன், ஒட்டகத்தில் ஏறி இடுப்பு பிடித்தது. ராஜஸ்தானில் தெருவோரம் அதே மாதிரி வரி போட்ட காய் கிடந்தது. எடுக்கப் போன என் கையைச் சாரதி தட்டிவிட்டார், ஆடுகூடத் தின்னாது என்றார். பேய்க்கொம்மட்டியாம். அரிசோனாக் காய் அதன் இனமாக இருக்கும். அப்பாவுக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அப்போது அப்பா போய் வெகுகாலமாகிவிட்டது. மாடிப்படிக்கு வந்த மனிதர் சொன்னதை அன்றைக்கே சின்னம்மாவிடம் அப்பா சொல்லியிருந்தால் என்ன என்று சில வேளை கோபம் வரும். அவர் போனில் தம்பியாருக்குச் சொன்னதை நினைத்தால் கோபம் போய்விடும். சின்னம்மா அதை ஒருநாளும் அவருக்குச் சொல்லிக்காட்டியதில்லை. கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் தண்ணீர் பருக்கியதும் அவள்தான்.

தம்பி இப்போது மொன்றியலுக்கு மேற்கே கர்க்லாண்டில் வீடு வாங்கி இருக்கிறான். தகப்பனைவிட வயதில் மூத்துவிட்டான், தலையும் வழுக்கை. அவனுடைய ஆடி அமாவாசை விரதம் ஊர்ச்சிரிப்பு. மற்றவர்கள் காலையில் பட்டினி இருந்து மத்தியானம் சாப்பிடுவார்கள். இவன் காலையில் ஜாம் பூசின பாண் சாப்பிட்டுவிட்டு, மத்தியானத்திலிருந்து பட்டினி கிடப்பான். பாணைப் பூசிக் கொடுப்பது சின்னம்மா. மத்தியானம் விரதம் என்று சொல்வதும் சின்னம்மா. "இதென்ன கோதாரி விரதம்?" என்று அவனுடைய மாமியார் என்னிடம் கேட்டிருக்கிறார். நானும் ஒருமுறை சின்னம்மாவைக் கேட்டேன், முறை பிழையெல்லோ என்று.

"காலமை வரைக்கும் அந்த மனுசன் உயிரோடை இருந்தவர், பிள்ளை" என்றாள். "மத்தியானம்தான் செத்தவர்."

இந்த மாசியில் சின்னம்மாவும் போய்விட்டாள். ஆடி அமாவாசை காலையில் போன் வந்தது. "அக்கா, எழும்பிட்டீங்களோ?" என்றான் தம்பி. "பாண் சாப்பிடுறதோ, விடுறதோ? எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"நில், வாறன்" என்றேன். என் வீடு இருக்கிற அஹுன்ட்சிக்கிலிருந்து கர்க்லாண்ட் வரைக்கும் காரில் ஒரு பாட்டும் போடவில்லை.

குசினியில் பாண் துண்டும் ஜாம் போத்தலும் மேசையில் இருந்தன. அவன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், பூசத் தெரியாதவன் மாதிரி. வாங்கி நான் பூசினேன், கரை தெரியாமல். நின்றபடியே சாப்பிட்டான். "எனக்கு அந்த மணலும் ஞாபகமில்லை, காகமும் ஞாபகமில்லை அக்கா" என்றான். "இந்த ஜாம் மட்டும்தான்."

மத்தியானம் அவனுடைய மனைவி காகத்துக்கு வைத்துவிட்டு வந்து எல்லோருக்கும் சோறு போட்டாள். அவனுடைய சின்ன மகள், பப்பா சாப்பிடவில்லையா என்று பிரெஞ்சில் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். யாரோ ஒருவர் சொல்லாமல் அந்த மனிதரை அவனால் சாகவிட முடியவில்லை.

என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் சொல்ல?

"இண்டைக்கு விரதம், அப்பன்" என்றேன்.

"ஓம்" என்றான். எழும்பி வாய் கொப்பளிக்கப் போனான்.